வாசகர் கேள்வி பதில்: பசங்களோட ராக்கெட் கிட்

போன இதழ்ல லீவுக்கு பசங்களுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்னு எழுதினப்போ மாடல் ராக்கெட் கிட் (நாமளே ஒட்டிச் செஞ்சு நிஜமாவே மேல விடுற சின்ன ராக்கெட்) பத்தி நாலு வரி சேர்த்திருந்தேன். அதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு, பெரும்பாலும் அமெரிக்காவுல இருக்குற நம்ம ஆளுங்க கிட்ட இருந்து, சிலது ஊர்ல இருந்து. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: பையனுக்கு 10 வயசு. பர்த்டேக்கு எஸ்டஸ் கம்பெனி கிட் ஒண்ணு வந்திருக்கு. பெட்டியில இன்ஜின் தனியா வாங்கணும்னு போட்டிருக்கு, கடையில போய் பாத்தா ஏ8-3, பி6-4, சி6-5ன்னு வரிசையா தொங்குது. அங்க வேலை பாக்குறவங்களுக்கும் சொல்லத் தெரியல. எதை வாங்குறது சார்? – ஒரு அம்மா, டாலஸ்

பெட்டி மேல உங்க ராக்கெட்டுக்குன்னு போட்டிருக்குற லிஸ்ட்ல ஏ8-3 இருக்கான்னு பாருங்க, இருந்தா முதல் தடவைக்கு அதையே வாங்கிடுங்கம்மா. ஏன்னு சொல்றேன்.

எழுத்து வந்து இன்ஜினோட மொத்த பலம், அதாவது எவ்வளவு பலமா தள்ளுது, எவ்வளவு நேரம் தள்ளுது ரெண்டையும் சேர்த்த கணக்கு. ஏ-ன்னா அதிகபட்சம் 2.5 நியூட்டன் செகண்ட், பி-ன்னா 5, சி-ன்னா 10, டி-ன்னா 20, இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் டபுள் ஆகிட்டே போகும். பசங்க "ஏ-க்கும் சி-க்கும் ரெண்டு எழுத்துதானே வித்தியாசம்"னு நினைச்சுக்குவாங்க, ஆனா நாலு மடங்கு. அடுத்து வர்ற 8 வந்து சராசரியா எத்தனை நியூட்டன் தள்ளும்ங்கிறது. கடைசியில கோடு போட்டு வர்ற 3 தான் நிறைய பேர் கவனிக்காம விடுற நம்பர், அது மருந்து எரிஞ்சு முடிஞ்சதுக்கு அப்புறம் பாரசூட்டை வெளிய தள்ளுறதுக்கு எத்தனை செகண்ட் காத்திருக்கும்னு சொல்லுது.

ஒரு இன்ஜினை நீளவாக்குல வெட்டுன படம் பாத்திருந்தா இது சட்டுனு புரியும். வெளிய கெட்டி பேப்பர் குழாய், கிட்டத்தட்ட நம்ம ஒரு விரல் நீளம், 70 மில்லிமீட்டர்தான், 18 மில்லிமீட்டர் தடிமன். கீழ களிமண்ணை அழுத்தி செஞ்ச சின்ன ஓட்டை, அதான் நாசில். அதுக்கு மேல இறுக்கி அழுத்துன கருமருந்து, அது ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட்ல எரிஞ்சு தீந்துடும். அதுக்கு மேல மெதுவா புகைஞ்சு எரியுற இன்னொரு மருந்து, அது தள்ளாது, ராக்கெட் தன் வேகத்துலயே மேல போய்ட்டு இருக்குற நேரத்துல சும்மா நேரம் கடத்திட்டு புகையை மட்டும் விடும், அந்தப் புகை இருக்குறதாலதான் ராக்கெட் எங்க போகுதுன்னு கீழ இருந்து நமக்குத் தெரியுது. அது முடிஞ்சதும் உச்சியில இருக்குற சின்ன வெடிமருந்து பட்டுனு மேல் பக்கமா வெடிச்சு ராக்கெட்டோட மூக்கா இருக்குற நோஸ் கோனைத் தள்ளி பாரசூட்டை வெளிய விடும். இவ்வளவும் அந்தக் குட்டிக் குழாய்க்குள்ள!

நான் ஏ-ன்னு சொல்றதுக்குக் காரணம் மைதானம்தான். அங்க இருக்குற நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரியோட பாதுகாப்பு விதியில ஏ இன்ஜினுக்கு 100 அடி, பி-க்கு 200 அடி, சி-க்கு 400 அடி அகலமாவது மைதானம் இருக்கணும்னு இருக்கு. ஆல்ஃபா 3 மாதிரி லேசான ராக்கெட்டுல சி போட்டீங்கன்னா 1000 அடியைத் தாண்டிப் போய்டும், பையன் ஆசையா பெயின்ட் அடிச்சது புள்ளியா மறைஞ்சிடும், அன்னைக்கு சாயங்காலம் வீட்ல அழுகைதான். ஏ-ல விட்டா போறதும் தெரியும், பாரசூட் விரியுறதும் தெரியும், ஓடிப் போய் எடுத்துட்டும் வந்துடலாம். இன்னொரு கிட் வாங்குற ஐடியா இருந்தா பிக் பெர்த்தான்னு கேட்டு வாங்குங்க, தடியா இருக்கும், நிதானமா ஏறும், சின்னப் பசங்களுக்கு பாக்க அதுதான் சுகம்.

இன்னொண்ணு, சி6-0ன்னு கடைசியில சைபர் போட்ட இன்ஜினை எடுத்துடாதீங்க. அது ரெண்டு அடுக்கு ராக்கெட்டுல கீழ் அடுக்குக்கு மட்டும். அதுல காத்திருக்குற மருந்தும் கிடையாது, பாரசூட்டைத் தள்ளுற மருந்தும் கிடையாது, போட்டு விட்டா ராக்கெட் மூக்கு கீழயா நேரா இறங்கும்.

கேள்வி: நானும் பொண்ணும் சேர்ந்து பால்சாங்கிற லேசான கட்டையில ஃபின் (வால் பக்கத்து இறக்கை) ஒட்டினோம். ரெண்டாவது தடவை விட்டப்பவே ஒரு ஃபின் கழண்டு விழுந்துடுச்சு. சூப்பர் க்ளூதான் போட்டோம். என்ன க்ளூ போட்டா நிக்கும்? – வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

சாதாரண மஞ்சள் வுட் க்ளூ போதும் சார், காகிதக் குழாயும் மரமும் ஒட்டுறதுக்கு அதை மிஞ்சினது இல்ல. சூப்பர் க்ளூ சீக்கிரம் பிடிக்கும், ஆனா தரையில தட்டுற அடிக்கு படக்குன்னு விட்டுடும். ரகசியம் ஒட்டுற முறையில இருக்கு. ஃபின்னோட அடி விளிம்புல லேசா க்ளூ தடவி, குழாய்ல கோடு போட்ட இடத்துலயும் தடவி, ரெண்டையும் சேர்த்து அழுத்திட்டு உடனே எடுத்துடுங்க, அப்படியே காய விடுங்க. காஞ்சதும் மறுபடியும் மெல்லிசா ஒரு தடவை தடவி இப்போ ஒட்டுங்க, கையில பிடிச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னா போதும், நிக்கும். மறுநாள் ஃபின்னும் குழாயும் சேர்ற மூலையில ரெண்டு பக்கமும் க்ளூ வச்சு விரலால நீளமா இழுத்து விட்டுடுங்க. அப்புறம் கட்டையே உடைஞ்சாலும் ஒட்டுன இடம் விடாது.

பால்சாவுல மரத்தோட ரேகை எந்தப் பக்கம் ஓடுதுன்னும் பாருங்க. ஃபின்னோட முன் விளிம்புக்கு இணையா ஓடணும். குழாய்க்கு இணையா ஓடுற மாதிரி வெட்டிட்டா கையால சும்மா மடக்கினாலே ரேகையோட பொளந்துடும், அதுக்கு எந்தக் க்ளூவும் உதவாது. குழாய்ல நேர்கோடு போட வீட்டுக் கதவு நிலையோட உள்மூலையில குழாயைச் சாய்ச்சு வச்சு அந்த விளிம்பு ஓரமாவே பென்சில் ஓட்டுங்க, ஸ்கேல்ல போட்டா உருளும். பெயின்ட் அடிக்கிறது கடைசி, பெயின்ட் மேல க்ளூ பிடிக்கவே பிடிக்காது.

இதை விட முக்கியமா ஒண்ணு சொல்லணும், நீங்க கேக்கல ஆனா அடுத்த கிட்ல வரும். இன்ஜின் உக்கார்ற வளையத்தை குழாய்க்குள்ள தள்ளும்போது நடுவுல நிறுத்தாதீங்க. வுட் க்ளூ குழாய்க்குள்ள சில செகண்ட்லயே கெட்டியா பிடிச்சுக்கும், "சரியா போகுதா"ன்னு எட்டிப் பாக்க நிறுத்தினா அவ்வளவுதான், பாதி வழியில மாட்டிக்கும், மொத்த கிட்டும் வீணாப் போச்சு. முதல்ல க்ளூ இல்லாம தள்ளிப் பாத்து எவ்வளவு தூரம்னு ஒரு குச்சியில அடையாளம் போட்டுக்கிட்டு, அப்புறம் க்ளூ போட்டு ஒரே தள்ளா அந்த அடையாளம் வரைக்கும் தள்ளிடுங்க. பொண்ணு தள்ளட்டும், ஆனா க்ளூ இல்லாம நாலஞ்சு தடவை ஒத்திகை பாத்துட்டு.

கேள்வி: பாரசூட்டுக்கு அடியில வைக்கிற வாடிங் தீந்துடுச்சு. டிஷ்யூ பேப்பர் வைக்கலாமா? – வாசகி, அட்லாண்டா

வைக்கவே கூடாது. கிட்டோட வர்றது தீப்பிடிக்காத மருந்து ஏத்துன பேப்பர். சாதாரண டிஷ்யூ கங்கு பிடிச்சு புகைஞ்சுக்கிட்டே கீழ காஞ்ச புல்லுல வந்து விழும். தனி பாக்கெட்டா விக்குது, வாங்கிக்கோங்க. லூசா கசக்கி, குழாயோட அகலம் மாதிரி ரெண்டு மடங்கு உயரத்துக்கு இருக்குற அளவு போடுங்க. பாரசூட் பிளாஸ்டிக் ஒட்டிக்காம இருக்க கொஞ்சம் பேபி பவுடர் தூவி, விடுறதுக்கு சற்று முன்னாடி மடிச்சு வைங்க, முந்தின நாளே மடிச்சு வச்சா குளிர்ல அப்படியே விறைச்சுப் போய் விரியாது.

கேள்வி: அண்ணா, நான் +1 படிக்கிறேன். கிட்டுக்கு இன்ஜின் இங்க கிடைக்கல. யூட்யூப்ல பாத்தேன், தீபாவளி ராக்கெட் மருந்தை எடுத்து பிவிசி பைப்புல கெட்டிச்சா அதே பவர் வரும்னு சொல்றாங்க. பண்ணலாமா? – மாணவர், மதுரை

தம்பி, பண்ணாத. சாதாரணமா கேட்டதுக்கு கத்துறேன்னு நினைக்காத, இந்த ஒரு விஷயத்துல எனக்கு வேற பதில் கிடையாது.

இந்த ஹாபியே எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா உனக்கே புரியும். 1957 அக்டோபர்ல ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விட்டதும் அமெரிக்காவுல பசங்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடிச்சுடுச்சு, வீட்டு பேஸ்மென்ட்ல இரும்புக் குழாய்ல மருந்து கெட்டிச்சு விட ஆரம்பிச்சாங்க, விரல் போனவங்க, கண்ணு போனவங்க, உயிரே போனவங்களும் உண்டு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, 1954 வாக்குல, நெப்ராஸ்கா மாநிலத்துல நார்ஃபோக்னு ஒரு ஊர்ல செருப்புக் கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல்ங்கிறவர், அவருக்கு வாணவேடிக்கைத் தொழில் நல்லா தெரியும், தன் சகோதரர் ராபர்ட்டுக்காக ஒரு சின்ன ராக்கெட் செஞ்சிருந்தார். ராபர்ட்டுக்கு மாடல் ஏரோபிளேன்ல ஆர்வம். காகிதக் குழாய், பால்சா ஃபின், ஒரு தடவை எரிஞ்சா தூக்கிப் போடுற இன்ஜின், திரும்பி இறங்க பாரசூட். ராக்கெட் சோதனை மையத்துல பாதுகாப்பு வேலை பாத்த ஹாரி ஸ்டைன், வீட்ல மருந்து கெட்டிக்கிற பசங்க நிலைமையைப் பத்தி பத்திரிகையில எழுதியிருந்ததை கார்லைல் படிச்சுட்டு தன்னோட ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வச்சார், ஸ்டைன் பாத்ததுமே இதுதான் வழின்னு புரிஞ்சுக்கிட்டார். அப்புறம் கொலராடோவுல வெர்ன் எஸ்டஸ்னு ஒருத்தர் இன்ஜின் செய்ய ஒரு மெஷினையே கட்டினார், அதுக்கு மேபல்னு பேர் வச்சார். ஒவ்வொரு இன்ஜின்லயும் ஒரே அளவு மருந்து, ஒரே அழுத்தம், மனுஷன் கை படாம. இன்னைக்கு உலகம் பூரா பசங்க விடுறது அந்த வழியில வந்ததுதான்.

அதாவது அவங்க யோசிச்சது இதுதான்: ராக்கெட்டை பசங்க செய்யட்டும், இன்ஜினை மட்டும் ஃபேக்டரி செய்யட்டும். அந்தக் கோட்டைத் தாண்டாம இருந்ததாலதான் இது ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்குற அளவுக்கு வளர்ந்துச்சு. நீ கேக்குறது அந்தக் கோட்டுக்குப் பின்னாடி, பேஸ்மென்ட்டுக்குத் திரும்பிப் போறது. கருமருந்து கெட்டிக்கும்போது ஒரு உராய்வு போதும், அழுத்தம் சரியில்லாம உள்ள ஒரு விரிசல் இருந்தா மொத்தமும் ஒரே நேரத்துல எரியும், பேப்பர் குழாய்னா கிழியும், பிவிசின்னா சிதறி உடம்புக்குள்ள போகும், எக்ஸ்ரேல கூட அந்த பிளாஸ்டிக் சில்லு சரியா தெரியாது. சிவகாசியில லைசென்ஸ் வாங்கி, பழகுன கையால, தனித்தனி ஷெட்ல செய்யுற இடத்துலயே விபத்து நடக்குதுன்னு உனக்குத் தெரியும். சட்டமும் 1884லயே போட்ட வெடிபொருள் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம வெடிமருந்து செஞ்சா குற்றம். யூட்யூப்ல அவங்க வெடிச்ச டேக்கை போட மாட்டாங்க தம்பி.

நீ வாட்டர் ராக்கெட் பண்ணு. கீழ ஒரு தாத்தாவுக்கு எழுதியிருக்கேன், படி.

கேள்வி: என் பையன் கிட் போரடிச்சு சொந்தமா டிசைன் பண்ணான். ஃபின் சின்னதா ஸ்டைலா இருக்கணும்னு வெட்டினான். நேரா கிளம்புறதுக்காக மாட்டுற ராடை விட்டு வெளிய வந்ததும் கர்ணம் அடிச்சு பக்கத்துலயே விழுந்துச்சு. ஃபின் அவ்வளவு முக்கியமா? – வாசகர், சான் ஹோசே

ஃபின்தான் எல்லாமே சார். ராக்கெட்டை ஒரு விரல் மேல வச்சு பேலன்ஸ் பண்ணா எந்த இடத்துல நிக்குதோ அது எடையோட மையம். காத்து பக்கவாட்டுல தள்ளும்போது அந்தத் தள்ளு மொத்தமும் எந்த இடத்துல விழுதோ அது அழுத்தத்தோட மையம். எடை மையம் முன்னாடி, அழுத்த மையம் பின்னாடி இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது குழாயோட ஒரு அகலம் இடைவெளி வேணும். அப்போதான் ராக்கெட் லேசா சாஞ்சாலும் காத்தே அதைப் பின்னாடி பிடிச்சு இழுத்து நேராக்கும். ஃபின்னை சின்னதா வெட்டினா அழுத்த மையம் முன்னாடி வந்துடும், ரெண்டும் இடம் மாறினா காத்து நேராக்குறதுக்குப் பதிலா இன்னும் கவுக்கும். உங்க பையன் பாத்தது அதைத்தான்.

வீட்லயே சோதிக்கலாம். இன்ஜின், வாடிங், பாரசூட் எல்லாம் உள்ள வச்சு, இன்ஜின் வைக்காம சோதிச்சா அர்த்தமே இல்ல, ஏன்னா கனம் எல்லாம் வால்லதான் இருக்கு, எடை மையத்துல கயிறு கட்டி டேப் ஒட்டி, திறந்த வெளியில கவண் சுத்துற மாதிரி தலைக்கு மேல சுத்துங்க. மூக்கு முன்னாடி பாத்தே சுத்துச்சுன்னா விடலாம். வால் முன்னாடி வந்தா, குறுக்கால புரண்டா, நோஸ் கோனுக்குள்ள கொஞ்சம் களிமண் வச்சு அடைச்சு திரும்ப சுத்துங்க, இல்ல ஃபின்னை பெருசாக்குங்க. இன்ஜினைப் பத்த வைக்கிற இக்னைட்டரை மட்டும் அப்போ மாட்ட வேண்டாம்.

பையனுக்கு கணக்கு பிடிக்கும்னா ஜேம்ஸ் பேரோமேன்ங்கிறவர் 1960கள்ல கொடுத்த சமன்பாடுகள் இருக்கு, ஃபின் அளவை வச்சே அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்கலாம், பத்தாம் கிளாஸ் அல்ஜீப்ரா போதும். ஓபன்ராக்கெட்னு ஒரு இலவச சாஃப்ட்வேரும் இருக்கு, பின்லாந்துல ஒரு மாணவர் 2009ல தன்னோட மாஸ்டர்ஸ் ஆய்வுக்காக செஞ்சது, ஸ்க்ரீன்ல ராக்கெட்டை வரைஞ்சா ரெண்டு மையமும் எங்க இருக்குன்னு புள்ளி வச்சு காட்டிடும். ஆனா கையால ஒரு தடவை கணக்கு போட்டுட்டு அப்புறம் சாஃப்ட்வேருக்குப் போகச் சொல்லுங்க, அந்த சந்தோஷமே தனி.

கலிபோர்னியாவுல இருக்கீங்க, காஞ்ச புல் பக்கத்துல விடவே விடாதீங்க, உள்ளூர் ஃபயர் டிபார்ட்மென்ட்ல கேட்டுட்டு அவங்க சொல்ற இடத்துல மட்டும் விடுங்க.

கேள்வி: பட்டனை அமுக்கினா ஒண்ணுமே ஆகல. கிட்ட போய் பாக்கலாமா? காத்து எவ்வளவு இருந்தா விடலாம்? – வாசகர், சிகாகோ

முதல்ல அந்த பட்டன் இருக்குற கன்ட்ரோலர்ல இருந்து சாவியைப் பிடுங்கி பாக்கெட்ல போடுங்க, 60 செகண்ட் முழுசா போகட்டும், அப்புறம்தான் கிட்ட போகணும். பெரும்பாலும் இக்னைட்டர் நுனி மருந்தைத் தொடாம நின்னிருக்கும், இல்லன்னா ரெண்டு கிளிப்பும் ஒண்ணையொண்ணு தொட்டிருக்கும், இல்லன்னா பேட்டரி. எப்பவும் சாவி ஒரே ஆள் கிட்ட, பேட்ல, அதாவது ராக்கெட்டை நிறுத்தி விடுற ஸ்டாண்டுல, அதை மாட்டுறவர் கிட்டயே இருக்கட்டும், இதை மட்டும் வீட்ல சட்டமா வச்சுக்கோங்க. டி வரைக்கும் உள்ள இன்ஜினுக்கு 15 அடி தள்ளி நிக்கணும்.

காத்து விதிப்படி மணிக்கு 32 கிலோமீட்டர் வரைக்கும் பரவாயில்ல, ஆனா புதுசா விடுறவங்களுக்கு அதுல பாதியே அதிகம்ங்கிறது என் கருத்து. ராக்கெட் காத்து வர்ற திசையைப் பாத்து சாயும், பாரசூட் காத்தோட போகும். அதனால காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ மைதானத்துல அந்த ஓரமா பேட் வைங்க. அப்படியும் தூரமா போகுதுன்னா பாரசூட் நடுவுல ரவுண்டா ஒரு ஓட்டை வெட்டிடுங்க, சீக்கிரம் இறங்கும். கரண்ட் கம்பியில மாட்டினா அந்த ராக்கெட்டை மறந்துடுங்க, குச்சியை எடுத்துட்டு யாரும் போகக் கூடாது.

கேள்வி: அமெரிக்காவுல மகள் வீட்டுக்கு வந்திருக்கேன். இங்க பேரன் ராக்கெட் விடுறதப் பாத்துட்டு ஊர்ல இருக்குற இன்னொரு பேரனுக்கும் ஒரு கிட் வாங்கிட்டுப் போகணும்னு ஆசை. இன்ஜினை பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போகலாமா? – ஒரு தாத்தா, கோயம்புத்தூர்

ஐயா, கிட்டை தாராளமா எடுத்துட்டுப் போங்க, அது வெறும் காகிதமும் கட்டையும். இன்ஜினும் இக்னைட்டரும் கூடவே கூடாது, கைப்பையிலயும் கூடாது, செக்-இன் பெட்டியிலயும் கூடாது.

ஊர்ல பேரனோட வாட்டர் ராக்கெட் செய்யுங்க. 2 லிட்டர் கூல் ட்ரிங்க்ஸ் பாட்டில் எடுங்க, தண்ணி பாட்டில் வேண்டாம், அது மெல்லிசு. கிட்ல நீங்க பாத்த மாதிரியே அட்டையில மூணு ஃபின், மேல ஒரு கூம்பு. வாய்க்கு இறுக்கமா ஒரு ரப்பர் கார்க், அதுல ஃபுட்பாலுக்கு காத்தடிக்கிற ஊசி. மூணுல ஒரு பங்கு தண்ணி ஊத்தி, தலைகீழா ஸ்டாண்டுல நிறுத்தி, நீளமான டியூப் வச்சு தள்ளி நின்னு சைக்கிள் பம்ப்ல அடிங்க. அழுத்தம் தாங்காம கார்க் கழண்டதும் தண்ணி கீழ பீய்ச்சும், பாட்டில் மாடி உயரத்தைத் தாண்டும். தண்ணி இல்லாம ஒரு தடவை, பாதி தண்ணியில ஒரு தடவை, முக்கால் தண்ணியில ஒரு தடவை விட்டுப் பாத்து எது உயரம் போகுதுன்னு பேரனையே எழுதி வைக்கச் சொல்லுங்க. மீட்டர் உள்ள பம்ப்னா 60 பிஎஸ்ஐக்கு மேல வேண்டாம், கீறல் விழுந்த பாட்டிலை திரும்ப யூஸ் பண்ண வேண்டாம், அடிச்சதுக்கு அப்புறம் யாரும் குனிஞ்சு பாக்க வேண்டாம்.

கேள்வி: இதெல்லாம் வெறும் விளையாட்டா, படிப்புக்கு எதாவது பிரயோஜனம் இருக்கா? – வாசகி, வர்ஜீனியா

உங்க மாநிலத்துலயே வருஷா வருஷம் தி பிளெயின்ஸ்ங்கிற ஊர்ல அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்ச் ஃபைனல் நடக்குதே, ஒரு தடவை கூட்டிட்டுப் போய் காட்டுங்கம்மா. 6ம் கிளாஸ்ல இருந்து 12ம் கிளாஸ் வரைக்கும் பசங்க டீமா வருவாங்க. ராக்கெட்டுக்குள்ள பச்சை முட்டை வச்சு, சொன்ன உயரத்துக்குப் போய், சொன்ன செகண்டுக்குள்ள இறங்கணும், முட்டை உடையக் கூடாது. உயரமா போனா ஜெயிக்க முடியாது, சரியா போனாத்தான் ஜெயிக்கலாம். அன்னைக்கு வெயில் எப்படி, காத்து எப்படின்னு பாத்து எடையை கிராம் கணக்குல கூட்டிக் குறைப்பாங்க. இதுல கத்துக்குறதை எந்த டியூஷனும் கொடுக்காதுன்னு நான் முழுசா நம்புறேன்.

கேள்வி: போன சம்மர்ல வாங்குன இன்ஜின் நாலு மிச்சம் இருக்கு, கார் டிக்கியிலயே கிடந்துச்சு. யூஸ் பண்ணலாமா? – வாசகர், ஃபீனிக்ஸ்

அரிசோனா வெயில்ல டிக்கியில கிடந்ததை விடாதீங்க சார். பகல்ல சூடாகி ராத்திரி ஆறி, திரும்பத் திரும்ப இப்படி ஆகும்போது உள்ள அழுத்தி வச்ச மருந்து பேப்பர் குழாய் சுவரை விட்டு விலகிடும், இல்ல விரிசல் விடும். பாக்க புதுசு மாதிரியே இருக்கும், பத்த வச்சதும் வரிசையா எரியாம ஒரே நேரத்துல எரிஞ்சு பேட்லயே வெடிக்கும். ஒரு பக்கெட் தண்ணியில ஊறப் போடுங்க, பேப்பர் ஊறி அவுந்து களிமண்ணும் மருந்தும் கரைஞ்சு உதிர்ற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் ஈரத்தோடவே குப்பையில போட்டுடலாம். அடுப்புலயோ நெருப்புலயோ போட்டு அழிக்க வேண்டாம். புதுசா வாங்குறதை வீட்டுக்குள்ள, அலமாரியில, பசங்க கைக்கு எட்டாத தட்டுல வைங்க.